எல்லாருக்கும் பரம திருப்தி

"பிள்ளை, இதை நீங்கள் வீட்டில இருந்துதானே நிரப்பினியள்?"

என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தை மேசையில் வைத்துவிட்டு மேற்பார்வையாளர் கேட்டது இதைத்தான். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏறியிருப்பேன். வாய்க்கு எனக்குக் குறைவில்லை, என் பாடசாலையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவரோ, பிள்ளை களவு செய்து பிடிபட்டுவிட்டது, இனி என்ன செய்வது என்று களைத்துப்போன மாதிரிக் கேட்டார். யாழ்ப்பாணத்து மனிதர். எங்கள் கிழக்குக் கரைக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் பேச்சு மாறவில்லை, சந்தேகப்படும் குணமும் மாறவில்லை.

"இல்ல சேர். கடை கடையா ஏறி எடுத்த."

"கடையில நிக்கிற இவ்வளவு சனத்தில ஒருத்தருக்குக்கூட ஒரு குறையும் இல்லையோ? எல்லாருக்கும் பரம திருப்தி. ஒருத்தரும் வேலையை விடப் போறதில்லை. இதென்ன, சொர்க்கத்தில எடுத்த தரவோ?"

அவர் சொன்னது சரி. அட்டவணையில் எல்லாச் சரி அடையாளமும் ஒரே கட்டத்தில் போய்க் குவிந்திருந்தது. ஆளாளுக்கு வித்தியாசம் இல்லாத தரவை வைத்து எந்தக் கணிப்பும் செய்ய முடியாது. அப்படித் தரவு வந்தால் யாரும் முதலில் நினைப்பது, மாணவி சோம்பல் பிடித்து வீட்டு மேசையில் இருந்து ஒரே ஓட்டமாக அடையாளம் போட்டிருக்கிறாள் என்பதைத்தான். நானே மேற்பார்வையாளராக இருந்தால் அப்படித்தான் நினைப்பேன்.

"இது உங்கட கடைசி நீடிப்பு, தெரியும்தானே. தவணைக்குள்ள இதை நிரூபியுங்கோ. இல்லாட்டில் பதிவு போகும். தரவைப் போலியாச் செய்தது எண்டு நான் எழுதினா அதுக்குப் பிறகு எந்தப் பல்கலைக்கழகமும் உங்களை எடுக்காது."

நான் கல்முனையில் உயர்தர வகுப்புக்கு வணிகக் கல்வி படிப்பிக்கிறேன். வீடு சாய்ந்தமருதில். வணிக நிர்வாக முதுமாணிப் பட்டத்துக்குப் பதிந்து அப்போது ஆறாவது வருடம். ஆறு வருடச் சனி ஞாயிறுகள் அதற்குள் போயிருந்தன. ஊரில் யார் வீட்டுக் கலியாணத்துக்கும் நேரத்துக்குப் போனதில்லை. மகளுக்குப் பல் விழுந்ததையும் முளைத்ததையும் நான் வகுப்பிலிருந்து வந்துதான் பார்த்தேன். என் கணவர் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். சனிக்கிழமைகளில் சமையல் அவர் பாடு. "நீ முடிக்கிறதுக்குள்ள மகள் உன்ட வகுப்புக்குப் படிக்க வந்துருவா" என்று பகிடி பண்ணுவார். தொடக்கத்தில் நானும் சிரித்தேன். பிறகு பிறகு அந்தப் பகிடிக்குப் பீங்கான் உடைந்தது.

ஆய்வு முறையியல் என்ற பாடம் என்னை ஆரம்பத்திலேயே பயமுறுத்திய பாடம். மற்றப் பாடமெல்லாம் சமாளித்தேன். கணக்கீடு கைவந்தது, சந்தைப்படுத்தல் எங்கள் இரத்தத்தில் உள்ளது. இதில் மட்டும் முதல் மாதம் முழுக்கத் தத்துவம். உண்மை என்று ஒன்று வெளியே தனியாக இருக்கிறதா, அல்லது மனிதர் மனிதருக்கு வேறு வேறா என்று சேர் வகுப்பில் கேட்டார். "சேர், எங்களுக்கு உண்மை ஒண்டுதான், கணக்குப் புத்தகத்தில ஐந்தொகை ரெண்டு பக்கமும் சமப்படணும்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அது உங்கட நிலைப்பாடு. அதைத்தான் நேர்க்காட்சிவாதம் எண்டு சொல்லுறது" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். எனக்கு ஒரு வாதம் இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

தலைப்பை நானேதான் தெரிவு செய்தேன்: கல்முனைப் புடவைக் கடை ஊழியர்களின் தொழில் திருப்தியும் வேலையை விட்டு விலகும் எண்ணமும். கலியாண வீடுகளில் கடை முதலாளிமார் ஒன்றுகூடினால் பேச்சு அதுதான், ஆட்கள் நிற்கிறார்கள் இல்லை, பழக்கிவிட்டதும் போய்விடுகிறார்கள் என்று. ஏன் போகிறார்கள் என்று கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தேன். திருப்தி குறைந்தால் விலகும் எண்ணம் கூடும். இதுதான் என் கருதுகோள். பச்சைப் பிள்ளைக்கும் விளங்கும். இதில் என்ன பிழைக்கப் போகிறது என்று இருந்தேன்.

வெளிநாட்டு ஆய்வுக் கட்டுரை ஒன்றிலிருந்து அளவுகோலை எடுத்துத் தமிழில் எழுதி வினாக்கொத்துத் தயாரித்தேன். ஒவ்வொரு கூற்றுக்கும் ஐந்து கட்டம். முதலாவது, முற்றாக உடன்படவில்லை. ஐந்தாவது, முற்றாக உடன்படுகிறேன். களத்துக்குப் போகுமுன் சிறிய அளவில் பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. நான் யாரிடம் பரீட்சித்தேன் தெரியுமா? எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில். கையெட்டும் தூரத்தில் ஆட்கள், பிறகென்ன. நிரந்தர அரச நியமனம் உள்ள ஆசிரியருக்குக் குறை சொல்லக் கற்றுக்கொடுக்கவா வேண்டும். சம்பளத்தில் குறை, அதிபரில் குறை, நேரசூசியில் குறை, தேநீரில் குறை. ஒருவர் முதலாவது கட்டத்தில் போட்ட அடையாளம் தாளின் மறுபக்கம் வரை கிழித்துவிட்டது. தரவு அவ்வளவு அழகாகப் பரந்து வந்தது. நம்பகத்தன்மைக் கணிப்பைப் பார்த்துவிட்டுச் சேர் ஓரத்தில் 'நன்று' என்று எழுதினார். ஆறு வருடத்தில் அவர் எனக்கு எழுதிய ஒரே நன்று அதுதான்.

நோன்புக்கு முந்திய மாதம் கடைகளில் ஏறினேன். முதற்கடை முதலாளி கணவருக்குத் தூரத்து உறவு. என்னைக் கண்டதும் கதிரை போட்டு, குளிர்பானம் எடுப்பித்து, ஊழியர்களை எல்லாம் கூப்பிட்டு நிறுத்தினார். "நம்மட டீச்சர் படிப்புக்குக் கேக்கிறா. எல்லாரும் வடிவா எழுதிக் குடுங்க" என்றார். சொல்லிவிட்டுப் போகவில்லை, அங்கேயே நின்றார். எனக்கு அது பெரிய உதவியாகத் தெரிந்தது.

சாரிப் பகுதியில் நின்ற ஒரு பெண் எனக்கு நன்றாக ஞாபகம். முப்பது வயதிருக்கும், கறுப்பு அபாயா, அளவுநாடா கழுத்தில். 'எனது சம்பளம் எனது உழைப்புக்குப் போதுமானது' என்ற கூற்றை வாய்க்குள் வாசித்தாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டு ஐந்தாவது கட்டத்தில் அடையாளம் போட்டாள். அடுத்ததும் ஐந்து. அதற்கடுத்ததும் ஐந்து. 'அடுத்த ஒரு வருடத்துக்குள் இவ்வேலையை விட்டு விலக எண்ணியுள்ளேன்' என்பதற்கு மட்டும் கை திரும்பி முதலாவது கட்டத்துக்குப் போனது. பக்கத்தில் நின்ற இளைஞனும் அப்படியே. அதற்குப் பக்கத்தில் நின்றவனும் அப்படியே. ஒருவரும் ஒரு கேள்வியையும் விடவில்லை. எனக்கோ மனசு நிறைந்துபோயிற்று. எங்கள் சனம் எவ்வளவு ஒத்துழைப்பு என்று அன்றைக்கு வீட்டில் பெருமை பேசினேன். கடைக்குக் கடை இதேதான் நடந்தது, நானும் கடைக்குக் கடை சந்தோசப்பட்டேன்.

கணினியில் ஏற்றியபோதுதான் விசயம் தெரிந்தது. மென்பொருள் கணிக்க மறுத்தது. மாறல் இல்லை, மாறல் இல்லை என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. நான் பொத்தானை மாற்றி அழுத்திவிட்டேன் என்று நினைத்துத் திரும்பத் திரும்ப ஏற்றினேன். பிறகு வகுப்பில் என்னோடு படித்த வங்கி அலுவலர் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஆலையடிவேம்புக்காரர், என்னைவிட இளையவர், நல்ல பிள்ளை, கணினியில் விண்ணன். தரவைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, இது ஒண்டுக்கும் உதவாது."

"உண்மையா எடுத்தது தம்பி."

"அது சரி. உண்மை மாதிரித் தெரியல்லயே." விசைப்பலகையைக் கிட்ட இழுத்தார். "ஆளாளுக்குக் கொஞ்சம் குறைச்சு விடுவமா? இவருக்கு நாலு, இவருக்கு ரெண்டு, சம்பளத்துக்கு எல்லாருக்கும் மூண்டுக்குக் கீழ. அரை மணித்தியால வேலை. சேரும் பாத்திட்டு நல்ல தரவெண்டு சொல்லுவார்."

எனக்கு ஆத்திரம் வரவில்லை. வந்திருக்க வேண்டும், வரவில்லை. பொய் சொன்னால் உண்மையென்று நம்புவார்கள், உண்மையைக் கொடுத்தால் பொய்க்காரி என்பார்கள் என்று எனக்கு விளங்கியது. செய்யுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அது சாட்டுத்தான், வீட்டில் நான் யாரிடமும் கேட்கவில்லை. இருந்ததை இருந்தபடியே அத்தியாயமாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைத்தான் அவர் மேசையில் வைத்துவிட்டு, வீட்டில் இருந்து நிரப்பினாயா என்று கேட்டார்.

நிரூபிப்பதற்கு அவர் சொன்ன வழி இலகுவானது. பதில் தந்தவர்களில் சிலரைத் தொலைபேசியில் பிடித்துக்கொடு, நான் கதைக்கிறேன் என்றார். ஆனால் என்னிடம் பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை. பதில் தருபவரின் அடையாளத்தை எடுக்கக் கூடாது, அது ஆய்வு நெறி என்று வகுப்பில் மேசையில் தட்டித் தட்டிச் சொல்லித் தந்ததே அவர்தான். அதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். "அப்ப திரும்பக் கடைக்குப் போங்கோ. முகம் ஞாபகம் இருக்கும்தானே" என்றார்.

போனேன். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து கடைகள் ஆறுதலாக இருந்த நேரம். வெயில் என்றால் அப்படியொரு வெயில். இந்த முறை முதலில் ஏறிய கடையில் நின்றவர்கள் எல்லாம் புதுமுகம். முதலாளியிடம் கேட்டேன். "லீவுல போயிரிக்காங்க டீச்சர், வருவாங்க" என்றார். அடுத்த கடையில் ஒருவனுக்கு உம்மாவுக்குச் சுகமில்லையாம், இன்னொருவன் வீட்டில் கலியாணமாம். அதற்கடுத்த கடையில் நான் கேட்ட பிள்ளைகளை அங்கே யாருக்கும் தெரியவே தெரியாது. கலியாண வீட்டில் ஆள் நிற்கிறதில்லை என்று வாய் நோகப் புலம்பிய அதே முதலாளிமார், சொந்தக் கடைப் படிக்கட்டில் நின்று கேட்டால் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். என் கையில் கட்டுக் கட்டாக வினாக்கொத்து இருந்தது, அதை நிரப்பிய மனிதரைக் காணவில்லை. சேர் நினைத்ததுபோல் நான்தான் எல்லாவற்றையும் கற்பனை செய்தேனோ என்று எனக்கே ஐயம் வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வெயிலில் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன்.

உறவுக்காரரின் கடையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். வெட்கம்தான் காரணம். உள்ளே போனபோது முதலாளி மதிய லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போயிருந்தார். அங்கும் புதுமுகங்கள். வாடிக்கையாளர் இருக்கும் முக்காலியில் இருந்தேன். இருந்ததும் அழுகை வந்துவிட்டது. சல்வார் தொங்கும் கம்பிக்குப் பக்கத்தில், நடுக்கடையில், உயர்தர வகுப்பு டீச்சர் மூக்கைச் சிந்தி அழுகிறாள். இதைவிட ஒரு முஸீபத்து, ஒரு கேடு, எனக்கு வரக் கிடக்கா என்று இருந்தது.

"டீச்சர், அண்டைக்கு எழுத வந்தீங்கதானே?"

அளவுநாடாப் பெண். தண்ணீர்ப் போத்தலை நீட்டிக்கொண்டு நின்றாள். கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்காத குறை. மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். அவள் வாசலை ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

"எனக்குப் பக்கத்தில நிண்டு எழுதினானே, அவன் கட்டாருக்குப் போயிட்டான். மத்தவன் டுபாய். மேல்மாடில நிண்ட ராத்தா குவைத்துக்கு."

"விட்டுப் போற எண்ணமில்ல எண்டுதானே எல்லாரும் போட்டீங்க?"

"பின்ன? விசா கைக்கு வராம ஆரும் சொல்லுவாங்களா டீச்சர்? கண் பட்டாப் போச்சு. மொதலாளி கேள்விப்பட்டா அண்டைக்கே நிப்பாட்டிருவாரு, விசாவும் வராட்டி ரெண்டும் இல்ல."

"சம்பளம் காணும் எண்டும் போட்டீங்க."

"காணா."

"அப்ப ஏன் அஞ்சு?"

அவளுக்கு என் கேள்வி விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அடுப்பு எரியிதுதானே டீச்சர். அல்லாஹ் தந்த ரிஸ்க்க, தந்த சோத்த, போதா எண்டு கையால எழுதச் சொல்றீங்களா? வாயால மொணமொணத்தாலும் பரவாயில்ல. நீங்க எங்கட ஆள்தானே, ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் கொடுமை. என் சொந்தத் தம்பி கட்டாருக்குப் போனபோது, உம்மா பயணப்பெட்டி வாங்கிய அன்றைக்குத்தான் எனக்கே சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்கு, வான் வந்து நின்ற பிறகு. அதுவரை அவன் எங்கே வேலை என்று கேட்டவர்களிடம் நானே, "இஞ்சதான் நிக்கிறான், அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லியிருக்கிறேன். ஆய்வேடு எப்படிப் போகிறது என்று சேர் கேட்கும்போதெல்லாம், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நின்றுகொண்டு, "நல்லாப் போகுது சேர்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலேயே கலியாணம் முடித்து, இந்தச் சனத்திடம் போய்க் குறையையும் பயணத்தையும் அச்சடித்த தாளில் கேட்டிருக்கிறேன். வெளியூர்க்காரி கேட்டிருந்தால் அறியாதவள் என்று விடலாம். எனக்கு என்ன வந்தது? என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

ஆனாலும் அப்போது எனக்குத் தேவை ஒரு மனிதக் குரல். சேரோடு ஒரு வார்த்தை கதைக்க முடியுமா என்று அவளைக் கேட்டேன். ஓம் என்றாள். அழைப்பை எடுத்துக் கையில் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து முதலாளி தொழுகை முடிந்து தொப்பியோடு உள்ளே வந்து, விசயத்தைக் கேட்டு, பல்லெல்லாம் தெரியப் பக்கத்தில் நின்றார்.

"ஓம் சேர், நான்தான் அடையாளம் போட்டன். கடையிலதான், ஓம். நல்ல திருப்தி சேர். இல்ல, விட்டுப் போற எண்ணமொண்டும் இல்ல."

தொலைபேசி என் கைக்கு வந்தது. "பிள்ளை, நான் அப்பிடிச் சொன்னதை மனசில வைக்காதேங்கோ" என்றார் சேர். "ஆள் இருக்கிறா. தரவு இருக்கிறபடியே இருக்கட்டும். மாறல் இல்லாததை ஆய்வின்ர எல்லை எண்டு ஒரு பந்தி எழுதிச் சமர்ப்பியுங்கோ. சாதாரண சித்தி, வெறும் பாஸ் எண்டாலும் வரும்."

சாதாரண சித்தி. ஆறு வருடத்தில் காதில் விழுந்த ஆகச் சிறந்த சொல். முதலாளிக்கு நன்றி சொல்லி, ஒரு தாவணியும் வாங்கிக்கொண்டு இறங்கினேன். பையைத் தரும் சாட்டில் அவள் வாசல்வரை வந்தாள். "டீச்சர், துஆ செய்ங்க. எனக்கும் சரி வந்திட்டு, ஓமானுக்கு. ஆருக்கும் சொல்லிடாதீங்க" என்றாள். என் இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு எல்லாம் வெளிச்சமாகத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பட்டம். கல்முனைக் கடை ஊழியர் பரம திருப்தியோடு இருக்கிறார்கள், எவரும் விலகப் போவதில்லை என்று முடிவுரை எழுதி, நேர்முகப் பரீட்சையில் நாலு பேருக்கு முன் நிமிர்ந்து நின்று அதைச் சொல்ல வேண்டும். நான் கேள்வி கேட்ட மனிதர் எல்லாம் அந்த நேரம் பாலைவன வெயிலில் நிற்பார்கள்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "உனக்கென்ன பைத்தியமா? அந்த மனிசன் நம்பிட்டாரு. குடுத்துட்டு வா" என்றார். "ஆர்ட தலையில வந்து விடியப் போகுது?" யாருடைய தலையிலும் விடியாதுதான். புடவைக் கடை முதலாளி ஒருவரும் என் ஆய்வேட்டைத் திறந்து பார்க்கப் போவதில்லை. நல்லவள் என்று பெயரெடுக்கும் ஆசையிலும் நான் அதைச் செய்யவில்லை. வீட்டில் இருந்து நிரப்பினாயா என்று அவர் கேட்டது உள்ளே இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்குச் செய்யாத பொய்க்குப் பேச்சு வாங்கினேன். இனி அதே பொய்யைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமா? என் கழுதைப் பிடிவாதம் அது. உம்மா சிறுவயதிலேயே சொல்லியிருக்கிறார், இந்தப் பிடிவாதம் உன்னை ஒருநாள் நடுத்தெருவில் விடும் என்று.

அவள் பயணம் போகும்வரை பொறுத்தேன். கடை எது, ஆள் யார் என்று சேர் கேட்கமாட்டார் என்று நம்பிக்கை இருந்தாலும், அவரோடு கதைத்த குரல் அவளுடையது. தவணையோ ஓடிக்கொண்டிருந்தது. தொழுகையில் இருந்தாலும் தவணை, வகுப்பில் கரும்பலகைக்கு முன் நின்றாலும் தவணை. பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். யா அல்லாஹ், என்னை ஏன் இந்தப் படிப்பில் மாட்டினாய் என்று சுஜூதில் நெற்றியை நிலத்தில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். அவள் ஓமானில் இறங்கி, தன் புது இலக்கத்திலிருந்து ஒரு ஸலாம் அனுப்பினாள். அன்றைக்கே சேரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஒருமுறையும் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப உங்கட அளவுகோல் அளந்தது திருப்தியை இல்லை" என்றார். "போய் எழுதுங்கோ. கேட்டதை, கண்டதை, ஏன் பிழைச்சது எண்டதை, எல்லாத்தையும் எழுதுங்கோ."

எழுதினேன். அந்த ஆய்வேட்டில் நான் ஆசைப்பட்டு எழுதிய பக்கங்கள் அவை மட்டும்தான். கருதுகோளைப் பரீட்சிக்க முடியவில்லை என்று எழுதினேன். மூன்றாம் அத்தியாயத்தில் நான் புகழ்ந்து எழுதிய வினாக்கொத்தை ஆறாம் அத்தியாயத்தில் நானே குத்திக் குதறினேன். எங்கள் சனம் எதை எழுத்தில் சொல்லாது, எப்போது சொல்லாது, அதைத் தெரிந்த நான் ஏன் மறந்தேன் என்று எழுதினேன். தவணை நாளன்று பின்னேரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நேர்முகப் பரீட்சையில் வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ஒருவர் நிறையக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒருதரம் தலையைக்கூட ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பிக்கொண்டு கிழமைக் கணக்கில் இருந்தேன்.

முடிவை எடுக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போன அன்று, அலுவலகத்தில் தாளை வாங்கவே சேர் விடவில்லை. நடைபாதையிலேயே நின்றிருந்தார். எனக்காகத்தான் நின்றார் என்பது பார்த்ததும் தெரிந்தது.

"கருதுகோள் பரீட்சிக்கப்படயில்லை, அளவீட்டுக் கருவி செல்லுபடியாகயில்லை எண்டு பரீட்சகர்மார் சொல்லிப்போட்டினம். டிப்ளோமாதான் குடுக்கலாமாம். நான் கதைச்சுப் பார்த்தனான்."

"நான் பழையபடியே குடுத்திருந்தா, சேர்?"

"பாஸ்" என்றார். "பிள்ளை, நான் உங்களை முழுக்க நம்புறன். ஆனா அதை வைச்சு உங்களைப் பாஸ் பண்ணேலாது."

அவர் என்னை நம்ப வேண்டும் என்று எத்தனை நாள் துஆக் கேட்டிருப்பேன். நம்பிவிட்டார். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சரி சேர் என்றேன், போய்வாறேன் சேர் என்றேன், பஸ் தரிப்பிடத்துக்கு எப்படி நடந்து வந்தேன் என்று ஞாபகமில்லை.

கல்முனை பஸ்ஸில் சனம் நெருக்கம். தெரிந்த முகங்கள் பல. முன் ஆசனத்தில் எங்கள் ஒழுங்கைப் பெண் ஒருத்தி இருந்தாள். நான் படிக்கிற கதை அவளுக்கும் தெரியும். ஆறு வருடமாக ஊர் முழுக்கத் தெரியும். பயணம் போகிறவர்கள் எவ்வளவு புத்திசாலிகள், கைக்கு வரும்வரை வாயைத் திறக்கமாட்டார்கள். நான்தான் பதிந்த அன்றைக்கே பறையடித்தவள். கணவர் தொலைபேசியில் வந்தார்.

"என்ன மாதிரி?"

"டிப்ளோமாதான். பட்டமில்ல."

"சரி. நீ ஆருக்கும் சொல்லாத" என்றார், குரலைத் தாழ்த்தி. "கேட்டா, ரிசல்ட் இன்னும் வரல்ல எண்டு சொல்லுவம். எல்லாம் நல்லாப் போகுது எண்டு சொல்லு. மறுகா பாத்துக்குவம்."

என் நன்மைக்குத்தான் சொன்னார். எனக்கோ உள்ளுக்குள் ஏதோ அறுந்தது.

"பெயில்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "கேக்கிற எல்லாருக்கும் சொல்லுங்க, பெயிலாம் எண்டு. ஆறு வருசமும் போயிட்டாம் எண்டு சொல்லுங்க."

முன் ஆசனத்துப் பெண் திரும்பிப் பார்த்தாள். திரும்பிப் பார்க்கட்டும் என்று அழுதேன்.